பத்தாவது பங்கு

சனிக்கிழமை, ஒண்ணே முக்கால்.
குமுளியில் ஏலக்காய் வாசனையோடு ஒன்பது பேர் ஏறினார்கள்.
"எட்டு உசிலம்பட்டி, ஒண்ணு ஆண்டிபட்டி"
என்ற ஒச்சம்மா
கையில் எண்ணிக்கொண்டிருந்த காசு
பஸ் டிக்கெட்டுக்கானதல்ல.

சீட்டு ஐம்பது ரூபாய்.
ஆளுக்கு ஐந்து, பத்துப் பேர் கூட்டு.
மாயக்கா இந்த வாரம் வேலைக்கு வரவில்லை,
மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம்.
"கண்டக்டரே, அஞ்சு ரூவா குறையுது"
என்று அவள் சொன்னாள், நான் கொடுத்தேன்.
கடனா பங்கா என்று
அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செக்போஸ்ட் தாண்டி நூறடி நடந்தால்
குடைக்குக் கீழே மேசை போட்டு
அரசாங்கச் சீட்டு விற்கிறார்கள்.
அதே காகிதத்தை இந்தப் பக்கம் விற்றால் கேஸ்.
மழை மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மழை.

ஓடிப் போய் வாங்கி வந்து
என் பையில் திணித்தாள்.
"வீட்டுக்குப் போனா அந்தாளு கண்ணுல படும்.
ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

முன்சீட்டில் ஸ்பெயின்காரி, பெயர் நூரியா,
மீனாட்சியைப் பார்க்கப் போகிறவள்.
சீட்டைப் பார்த்து "லொத்தேரியா!" என்றாள்.
அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
போனில் காட்டினாள்:
பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பிள்ளைகள்,
ஒன்று எண்ணைப் பாடுகிறது,
மற்றது பரிசைப் பாடுகிறது, மணிக்கணக்காக.
"ஏலம் விடுறவன் இப்பிடிக் கூவுனா
நானே ரெண்டு கிலோ எடுப்பேன்" என்றாள் ஒச்சம்மா.

பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கையிலுமாக நூரியா சொன்னாள்:
அவள் ஊரில் எல்லோரும் ஒரே எண்ணை வாங்குவார்களாம்,
முழுச்சீட்டைப் பத்தாக்கி,
பத்தில் ஒன்றையும் உடைத்து
ரசீது எழுதிக்கொள்வார்களாம்.
பின்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
அமெரிக்காவில் விழுந்தால்
மொத்தமாகக் கேட்டால் பாதிதான்,
முழுசும் வேண்டுமென்றால் முப்பது வருசத் தவணையாம்.
"முப்பது வருசம் யாரு இருக்கா?
பாதியக் குடுக்கச் சொல்லு."

மூன்று மணி.
திருவனந்தபுரத்தில் உருளைகள் சுழன்றிருக்கும்,
நடுவர்கள் உற்றுப் பார்த்திருப்பார்கள்.
நாங்கள் சின்னமனூரில்
வாழைத்தாருக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்ற
தகராறில் நின்றிருந்தோம்.

ஆண்டிபட்டியில் போன் அதிர்ந்தது.
கடைசி நாலு எண்: நாலு, ஏழு, ஒண்ணு, எட்டு.
பையிலிருந்து எடுத்தேன். நாலு, ஏழு, ஒண்ணு, எட்டு.
ஐயாயிரம்.
யாரும் கத்தவில்லை.
இறங்க வேண்டியவள் இறங்கவில்லை.
பத்தால் வகுக்க யாருக்கும் பேனா வேண்டியிருக்கவில்லை.
"ஆளுக்கு ஐநூறு" என்ற ஒச்சம்மா
ஒன்பது தலையை எண்ணி முடித்து
என் பையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
"எழுதி வைக்கவில்லையா?" என்றாள் நூரியா.

கணவாய் இறங்கும்போது காற்று பலமாக அடித்தது.
சீட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனி.
ஐயாயிரம் வரைக்கும் ஏஜெண்டே கொடுத்துவிடுகிறார்,
பின்பக்கம் பெயரும் கையெழுத்தும் போட்டால் போதும்.
ஒச்சம்மா ஒவ்வொரு நோட்டாக நீட்டிக்கொண்டே வந்தாள்.
பத்தாவதை என்னிடம் நீட்டினாள்.
"ஒங்க அஞ்சு ரூவாதான?"

மூன்றாவது ஜன்னலில் மாயக்கா இருந்தாள்.
வாங்கிக்கொண்டேன்.
வீட்டுக் கரண்டு பில் ஞாபகம் வந்தது, உண்மைதான்,
ஆனால் அது வாங்கின பிறகு வந்தது.

வண்டி கிளம்பியதும் மாயக்கா
லட்டு டப்பாவோடு வந்தாள்.
"பொம்பளப்பிள்ள. மூணு கிலோ."
பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை
டிக்கெட் மெஷின்மேல் வைத்தாள்.
"போன வாரம் எனக்காகப் போட்டீகளாமே.
கடன் நிக்கக் கூடாதுல்ல."
வெகுளியாகச் சொன்னாளா, கணக்காகச் சொன்னாளா,
அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.
ஒச்சம்மா வெளியே
பார்க்க ஒன்றுமில்லாத பாறையைப் பார்த்தாள்.

மெஷின்மேல் நாணயம் அதிர்ந்துகொண்டே இருந்தது.
வாயில் லட்டு.
விசிலை எடுத்து ஊதினேன்.
அது நிறுத்தமில்லை, கொண்டை ஊசி வளைவு.
கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
டிரைவர் பிச்சைமணி பிரேக் போட்டார்.